ஊழியர்களிடையே லீன் பண்பாட்டை வளர்ப்பது எப்படி?

லீன் முறைக்கு, அதாவது வீண் வேலையையும் வீண் செலவையும் தொடர்ந்து குறைத்து, குறையைத் தோன்றும் இடத்திலேயே சரிசெய்யும் உற்பத்தி முறைக்கு, பயிற்சி வகுப்பு நடத்தி, சுவரெல்லாம் அட்டை மாட்டிய பின்னும் ஊழியர்கள் மாறவில்லையே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குறையைச் சொன்ன தொழிலாளிக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்கு வரும் வார்ப்புகள் சிலவற்றில் காற்றுத்துளை இருக்கும். லேத்தில் நிற்பவருக்கு முதல் கடைசலிலேயே அது தெரிந்துவிடும், ஆனால் எந்திரத்தை நிறுத்தினால் "டார்கெட் என்ன ஆவது?" என்று நான் கேட்பேன் என்பதால், மற்ற வேலைகளையும் முடித்தே ரிஜெக்ஷன் பெட்டியில் போடுவார். ஒரு நாள் அதட்டாமல் அருகில் நின்று கேட்டேன். துளை வழக்கமாக எந்த ஓரத்தில் வரும் என்று எண்ணெய் படிந்த கட்டைவிரலால் தடவிக் காட்டினார். அந்த வாரமே, வார்ப்புகளை முதலிலேயே சோதிக்க, முதல் எந்திரத்துக்கு முன்னால் விளக்குடன் ஒரு மேசை போட்டோம். அதை எங்கே போடுவது என்பதையும் அவரிடமே விட்டோம். அதன் பிறகுதான் மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

இதைப் பெரிய அளவில் காட்டியது கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய அந்த ஆலையை, 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் திறந்தார்கள். வேலைக்கு வராமைக்கும் தகராறுக்கும் பெயர்போன பழைய ஆலையின் தொழிலாளர்களே பெரும்பாலும் திரும்ப வந்தார்கள். சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். பழுதைக் கண்டால் எவரும் கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம், தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்றார்கள். ஓரிரு ஆண்டுகளில் அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பான் ஆலைக்கு ஈடாக வந்தது. 1988-இல் டொயோட்டாவின் இந்த முறைக்கு 'லீன்' என்று பெயரிட்ட ஜான் கிராஃப்சிக் அங்கே பொறியாளராக இருந்தவர்தான்.

பலரும் பேசாமல் விடுவது வேலைப் பாதுகாப்பை. விற்பனை குறைந்தபோதும் நம்மியில் ஆட்குறைப்பு செய்யாமல், மிஞ்சிய நேரத்தைப் பயிற்சிக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். நான்கு பேர் செய்யும் வேலையை மூன்று பேர் செய்யலாம் என்று காட்டிய மறுமாதமே ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த யோசனையை யார் சொல்வார்? ஆகவே, மேம்பாட்டால் எவருக்கும் வேலை போகாது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு அடுத்த வகுப்பை வையுங்கள்.