நீலத்தாடிக் கணவன்: எந்த நாவலை எடுக்கலாம்?
பெங்களூரு அல்சூர் வாசிப்பு வட்டத்துக்கு நீலத்தாடிக் கதையின் (மனைவிகளைக் கொன்று பூட்டிய அறையில் மறைத்துவைக்கும் கணவனின் கதை) சாயலில் ஒரு நாவல் வேண்டும், ரத்தக்களரி மட்டும் ஆகாது என்று கேட்டிருந்தீர்கள். டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா'வை (1938) எடுங்கள். நேரடி மறுகூறல் இல்லைதான். ஆனால் பெரிய மாளிகை, மனம்விட்டுப் பேசாத கணவன், செத்துப்போன முதல் மனைவி, யாரும் புழங்காத அவள் அறை எல்லாம் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697ஆம் ஆண்டு நீலத்தாடிக் கதையில், தடுத்த அறையைத் திறந்துபார்த்த மனைவியைச் சாவியில் படிந்த ரத்தம் காட்டிக்கொடுக்கும். 'ரெபெக்கா'விலோ இரண்டாம் மனைவி யார் பக்கம் நிற்கிறாள் என்பதுதான் பயங்கரம். வட்டத்தில் சண்டை வரும், வரட்டும்.

ஏஞ்சலா கார்ட்டரின் 'தி பிளடி சேம்பர்' (1979) சிறுகதைத் தொகுப்பு. தலைப்புக் கதையில் சித்திரவதை அறையே வருவதால் உங்களுக்குச் சரிப்படாது. அப்புறம், ஹெலன் ஓயெயெமியின் 'மிஸ்டர் ஃபாக்ஸ்' (2011): கதைதோறும் நாயகிகளைக் கொல்லும் எழுத்தாளனிடம் அவன் படைத்த பெண்ணே கணக்குக் கேட்கிறாள். நல்ல குறும்பு, ஆனால் முதல் முறைக்குக் கொஞ்சம் தலைசுற்றும். வாங்குவதற்கு முன் சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.