திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்: டெய்லர்களை நிறுத்துவதா?

வணக்கமுங்க. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50% வரி போட்டதில் ஆர்டர் நின்றுபோய், கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்த ஜாப் ஒர்க் பில்லும் நாலு மாதமாக வராமல், டெய்லர்களை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "இருப்பதற்கு நன்றியோடு இருங்கள்" என்று வீட்டில் சொல்வது எரிச்சலாக இருக்கிறது என்றும். இருக்கத்தான் செய்யும்.

முதலில் அந்த பில். உங்களிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு, இருக்கிறதா? அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டுவட்டி. ஆனால் எடுத்த எடுப்பில் புகார் போடாதீர்கள், நாளை அதே கம்பெனி வாசலில்தான் நிற்கணும். வருமான வரியில் ஒரு விதி இருக்கிறது (1961 சட்டத்தில் 43பி(எச்) பிரிவு): மார்ச் 31க்குள் உங்கள் பாக்கி தீராவிட்டால் அந்தத் தொகையை அவர்கள் அந்த வருடச் செலவில் காட்ட முடியாது. இதை அவர்களின் ஆடிட்டர் காதில் போடுங்கள். முதலாளியைவிட அவர் சீக்கிரம் அசைவார்.

வங்கிக்கு இப்போதே போங்கள். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன், அப்புறம் பேச்சே வேறு.

டெய்லர்களை நிறுத்த வேண்டாம். ஷிப்டைக் குறைத்து எல்லோருக்கும் வேலையைப் பகிருங்கள். காதர்பேட்டை வியாபாரிகளிடம் உள்ளூர் டிராயர், நைட்டி வேலை கேளுங்கள். ரேட் குறைவுதான், ஆனாலும் மெஷின் ஓடும். கடனுக்கு நூல் தருகிற கடைக்காரருக்கு மட்டும் வாரம் ஐந்நூறாவது கொடுத்துவிடுங்கள். நம்பிக் கடன் தந்தவரை மறக்காமல் இருப்பது: வீட்டில் சொல்லும் நன்றியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.