விலை கேட்டவர் எங்கே போனார்? பேஜ் நடத்தும் சிறு வியாபாரிகளுக்குச் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபாலோயர்களை எப்படிக் கூட்டுவது என்பது பற்றியவை. என்னைக் கேட்டால், ஏற்கெனவே ஆர்வத்தோடு வந்து விசாரித்தவரைக் கைநழுவ விடாமல் இருப்பதுதான் அதைவிட முக்கியம். அதற்கான வசதிகள் செலவே இல்லாமல் நம் போனில் கிடக்கின்றன. அவற்றைத் தொடும் கேள்விகளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறோம். இன்ஸ்டாவில் ஒவ்வொரு படத்துக்கும் “விலை என்ன?” என்று வரிசையாகக் கமென்ட் வருகிறது. “இன்பாக்ஸ் வாங்க” என்று பதில் போடுகிறோம். ஆனால் வாங்குபவர்கள் மிகக் குறைவு.

விலையைப் படத்தோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று யோசிக்க வேண்டாம். அவர் நினைத்தால் இன்பாக்ஸில் வந்தும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாங்க வந்தவர்தான் இன்னொரு படி ஏறச் சலித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

அடுத்து, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள கேட்லாக். 500 பொருட்கள் வரை படம், விலை, விவரத்தோடு ஏற்றி வைக்கலாம். “காட்டன்”, “பட்டு கலந்தது” என்று தொகுப்புகளாகவும் பிரிக்கலாம். ஒவ்வொரு சேலைக்கும் தனி இணைப்பு உண்டு. யாராவது ஒரு சேலையைப் பற்றிக் கேட்டால் அந்த இணைப்பை அனுப்பினால் போதும். விற்றுப்போன சேலையை அழிக்க வேண்டியதில்லை. மறைத்து வைத்துவிட்டு, மறுபடி சரக்கு வந்ததும் காட்டிக்கொள்ளலாம்.

திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதைக் குறைக்க அதே ஆப்பில் ‘குவிக் ரிப்ளை’ இருக்கிறது. கூரியர் கட்டணம், துவைக்கும் முறை, பணம் அனுப்பும் விவரம் என்று 50 பதில்கள் வரை எழுதிச் சேமிக்கலாம். சாய்கோடு போட்டு நீங்கள் வைத்த சுருக்கச் சொல்லை அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். சாயம் பற்றிய கேள்வி சுங்குடிக்கு நிச்சயம் வரும். முதல் துவையலில் சாயம் விடுமா, உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா என்பதையெல்லாம் ஒளிக்காமல் ஒரு முறை நன்றாக எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. இன்ஸ்டா பதிவின் கேப்ஷனில் இணைப்பு போட்டால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், அழுத்தினால் திறக்காது. ஆனால் ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் வைக்கலாம். 10,000 ஃபாலோயர் இருந்தால்தான் அது கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதி 2021 அக்டோபரிலேயே போய்விட்டது. சேலை ஸ்டோரியில் அந்தச் சேலையின் கேட்லாக் இணைப்பை ஒட்டிவிட்டு, ஸ்டோரியை ‘ஹைலைட்’டில் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குப் பிறகும் ப்ரொஃபைலில் இருக்கும்.

காரைக்குடியில் வீட்டிலேயே சீடை, மனோலம், அதிரசம் செய்து அனுப்புகிறேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 200 பேர் இருந்தும் பாதிப் பேருக்குச் செய்தியே போகவில்லை. ஆப்பில் கோளாறா?

கோளாறு இல்லை அம்மா. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பது மட்டும் போதாது. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்ற கணக்கும் இந்த நிபந்தனைக்கு உட்பட்டதுதான்.

அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்ன அட்டை வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் கியூஆர் கோடு ஆப்பிலேயே கிடைக்கும், அதை அச்சடித்து, “எண்ணைச் சேமித்து வையுங்கள், தீபாவளிப் பட்டியலை முதலில் உங்களுக்கு அனுப்புகிறோம்” என்று எழுதுங்கள். சொன்னபடி அவர்களுக்கு முதலில் அனுப்பவும் வேண்டும்.

கூடவே, வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் வாடிக்கையாளர்களை வகை பிரித்துக் குறித்துவைக்கும் லேபிள்களையும் பயன்படுத்துங்கள். புதிய ஆர்டர், பணம் வரவேண்டியது, பணம் வந்துவிட்டது என்ற லேபிள்கள் ஆப்பிலேயே தயாராக உள்ளன. சொந்தமாகவும் 20 வரை வைத்துக்கொள்ளலாம். “சர்க்கரை வேண்டாம் என்பவர்”, “வெளிநாட்டு ஆர்டர்” என்று பிரித்து வைத்தால், அதிரசம் தயார் என்ற செய்தியைச் சர்க்கரை நோயாளிக்கு அனுப்பிச் சங்கடப்படுத்த மாட்டீர்கள். எண்களை மொத்தமாக விலைக்கு வாங்கி அனுப்பும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அறிமுகம் இல்லாதவர்கள் பிளாக் செய்து புகார் கொடுத்தால் உங்கள் எண்ணே முடங்கும். வருஷக்கணக்காகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அந்த எண்ணில்தான் இருக்கிறார்கள்.

சேலத்தில் பிரைடல் மேக்கப் செய்கிறேன். எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினாலும் என் இன்ஸ்டா பக்கம் வருவதில்லை.

ப்ரொஃபைலில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று யூசர்நேம். இன்னொன்று அதற்குக் கீழே தடித்த எழுத்தில் தெரியும் ‘நேம்’. தேடலில் இரண்டாவதும் கணக்கில் வரும். அந்த இடத்தில் வெறும் கடைப் பெயரை மட்டும் விட்டுவிடாமல் “சேலம் பிரைடல் மேக்கப்” என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்துப் போடுங்கள். பதிவுகளில் மண்டபத்தின் இடத்தையும் குறியுங்கள். ப்ரொஃபைலில் மேலே மூன்று பதிவுகளைப் ‘பின்’ செய்யலாம். ஒன்றில் கட்டண விவரம், ஒன்றில் நீங்கள் செய்த மணப்பெண் அலங்காரம், ஒன்றில் முன்பதிவு செய்யும் முறை. புதிதாக வருபவர் கீழே உருட்டித் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு மாறியதும் ரீல்ஸில் சினிமாப் பாட்டெல்லாம் காணாமல் போய்விட்டது. திரும்ப மாறிவிடலாமா?

பாட்டின் உரிமை தனிநபர் பயன்பாட்டுக்கு ஒரு மாதிரியும் வியாபாரத்துக்கு வேறு மாதிரியும் கொடுக்கப்படுகிறது, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. அக்கவுன்ட் வகையை மாற்றினால் பாட்டு கிடைக்கலாம். ஆனால் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அதோடு வந்துவிடாது, ஒலி முடக்கப்படலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் நிறுவனமான மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் வியாபாரத்துக்கும் பயன்படுத்தக்கூடிய இசை இலவசமாக இருக்கிறது. அதைவிட, உங்கள் தொழிலின் ஒலியையே வையுங்களேன். தறிச் சத்தமும் எண்ணெயில் முறுக்கு விழும் சத்தமும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியவை இல்லை.

போட்டிக் கடை என்ன விளம்பரம் செய்கிறது என்று பார்க்க முடியுமா?

முடியும், சட்டப்படியே. மெட்டா ‘ஆட் லைப்ரரி’ என்ற பொதுத் தொகுப்பை வைத்திருக்கிறது. அதில் எந்தப் பேஜின் பெயரைப் போட்டாலும் அது இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரங்கள் தெரியும். எப்போது தொடங்கியது என்ற தேதியும் இருக்கும். செலவுக் கணக்கு, சாதாரண வியாபார விளம்பரங்களுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் ஒரே விளம்பரம் ஓடுகிறது என்றால் அதில் அவருக்குப் பலன் வருகிறது என்று ஊகிக்கலாம். எதைச் சொல்லி ஆளை இழுக்கிறார், எந்தப் பொருளை முன்னால் வைக்கிறார் என்று கவனியுங்கள். படத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

ஃபுட் ரிவ்யூ செய்யும் ஒருவரைக் கடைக்கு அழைக்கிறோம். அவர் பக்கத்தில் போடும் வீடியோவால் எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் வருவதில்லை.

‘கொலாப்’ பதிவாகப் போடச் சொல்லுங்கள். அவர் போடும்போது உங்களையும் கூட்டாளியாக அழைப்பார், நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இரண்டு பக்கங்களிலும் இருக்கும். லைக்கும் கமென்ட்டும் பொதுவானவை. “பார்க்கிங் இருக்கா?”, “ஞாயிறு உண்டா?” என்று கீழே கேட்பவர்களுக்கு நீங்களே நேரடியாகப் பதில் சொல்லலாம். அங்கேதான் வியாபாரம் இருக்கிறது. பணமோ இலவசச் சாப்பாடோ கொடுத்திருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். விளம்பரம் என்று சொல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

கூகுள் மேப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்களுக்குப் பில்லில் தள்ளுபடி தரலாமா?

கூடாது. சலுகை கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்பதற்கென்றே தனி இணைப்பும் கியூஆர் கோடும் கிடைக்கும். அதைப் பில் கவுன்ட்டரில் வைத்து, மனம் உள்ளவர்கள் எழுதட்டும் என்று விடுங்கள்.

எங்கள் ஃபேஸ்புக் பேஜை ஆரம்பித்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போகிறான். ஏதாவது செய்ய வேண்டுமா?

அவன் போவதற்கு முன்பே செய்யுங்கள், நல்லபடியாகப் பேசியே செய்யுங்கள். பேஜ் அமைப்புகளில் ‘பேஜ் அக்சஸ்’ என்ற பகுதியைத் திறந்தால் யாருக்கு முழுக் கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரியும். முழுக் கட்டுப்பாடு உள்ளவர் மற்ற எல்லோரையும் நீக்க முடியும், கடை முதலாளியையும் சேர்த்து. அது உங்களிடமும் வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரிடமும் இருக்கட்டும். இரண்டு பேருமே, பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு இருப்பவருக்குப் பதிவு போட, செய்திக்குப் பதில் சொல்ல என்று தேவையான அளவு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. இன்ஸ்டாவையும், இரண்டு பக்கங்களையும் ஒரே இடத்தில் நடத்த உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில் இணைத்துவிட்டால் பாஸ்வேர்டைக் கையில் கொடுக்காமலே அவர் வேலை செய்யலாம். அப்புறம், “உங்கள் பேஜ் நீக்கப்படும், உடனே இங்கே அழுத்தவும்” என்று வரும் மெசேஜ்களை நம்பாதீர்கள். ஃபேஸ்புக் உண்மையிலேயே மெயில் அனுப்பியதா என்பதை அக்கவுன்ட்ஸ் சென்டரில், பாஸ்வேர்ட் மற்றும் பாதுகாப்புப் பகுதியில் ‘ரீசன்ட் ஈமெயில்ஸ்’ என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.