கடலோரத்தில் நன்றாகப் பிளேன் ஆன (தண்ணீர்மேல் எழும்பி வழுக்கி ஓடிய) 15 குதிரைத்திறன் படகு, நீலகிரியின் பைக்காரா ஏரியில் மூக்கைத் தூக்கிக்கொண்டே தவழ்வது ஏன்?

12 அடி ஃபைபர் படகு, கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), 10 இன்ச் பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லர், மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினைப் பிரிக்காதீர்கள். காரணம் அநேகமாக உயரம்தான்.

பைக்காரா இருக்கும் சுமார் 2,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவு. 15 குதிரைத்திறன் 12 சொச்சமாகிவிடும். அந்த 12-ம் முழு ஆர்பிஎம்மில்தான் (நிமிடச் சுற்று) கிடைக்கும். 10 இன்ச் பிட்ச் இங்கே எஞ்சினுக்குப் பாரம், அந்த ஆர்பிஎம்முக்கே அது ஏறாது. படகு தன் அலையின் மேல் ஏறும் கட்டத்தில்தான் உந்துவிசை அதிகம் வேண்டும், அங்கேயே திணறி நின்றுவிடுகிறது.

ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றும் டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் கருவி) ஒன்று வாங்கி, வழக்கமான சுமையோடு முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். கையேட்டில் 4,500–5,500 என்று இருந்து உங்களுக்கு 4,100 காட்டினால் பிட்ச்சைக் குறைக்க வேண்டும். 1 இன்ச் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். இந்தப் படகுக்கு 7 அல்லது 8 இன்ச் சரிவரும். உச்ச வேகம் கொஞ்சம் போகும், போகட்டும்.

ஆர்பிஎம் எகிறியும் படகு நகராவிட்டால் அது வேறு கோளாறு. ஒன்று புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது, அல்லது அதன் நடு ரப்பர் வழுக்குகிறது. படகின் அடியில் நேரான கட்டையை வைத்துப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டு அடிமட்டத்துக்கு நேராகவோ ஒரு இன்ச் கீழேயோ இருந்தால் போதும்.

ஸ்பார்க் பிளக் கரிபிடித்து ஈரமாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். எஞ்சின் கம்பெனியின் உயர அட்டவணைப்படி கார்புரேட்டரில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) போடுங்கள். அதே ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் பிஸ்டன் உருகும். புரொப்பெல்லரையும் அங்கே பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும்.

எஞ்சினின் சாய்வை நிறுத்தும் டிரிம் பின்னை டிரான்சத்துக்கு (படகின் பின்பலகை) மிக அருகிலுள்ள துளையில் போடுங்கள். ஓடும்போது மூக்கு தண்ணீரில் புதைந்தால் ஒரு துளை வெளியே, குதித்தால் உள்ளே. பெட்ரோல் டேங்கையும் ஒரு ஆளையும் முன்னால் நகர்த்துங்கள். மழையில் கிடந்த படகில் தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், 40 லிட்டர் என்றால் 40 கிலோ. கரையிலேயே டிரெயின் பிளக்கை (படகின் வடிகால் மூடி) கழற்றி முழுதாக வடித்து, திரும்ப மாட்டிய பிறகே டாக்கோமீட்டர் சோதனைக்கு இறங்குங்கள்.