அடுத்த டோக்கனை அழைக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 41 வயது. சிறு நகரத்து வங்கிக் கிளை ஒன்றில் கேஷ் கவுன்ட்டரில் இருக்கிறேன். மாதத்தின் முதல் வாரம் ஷட்டரைத் தூக்கும் முன்பே பென்ஷன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். நோட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே "என்ட்ரி போட்டுக் குடும்மா" என்று பாஸ்புக்கோடு ஒரு கை நீளும். பிரின்டர் பாதி நாள் படுத்துவிடும். சர்வர் நின்றால் திட்டு எனக்கு. இதற்கு நடுவே, இன்று எத்தனை இன்சூரன்ஸ் பிடித்தீர்கள் என்று மேலாளரின் வாட்ஸப். சாயங்காலம் பணம் குறைந்தால் என் கையிலிருந்துதான் போட வேண்டும்.

டேலி ஆகி, பெட்டகம் பூட்டி, வீட்டுக்கு வந்த பிறகும் விடுவதில்லை. குழம்பைக் கிண்டும்போது, 'அந்தப் பெரியவருக்கு ஒரு ஐந்நூறு கூடப் போயிருக்குமோ' என்று மனசு அரிக்கும். கணக்கு சரியாக இருந்தது தெரிந்தும் அரிக்கும். மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னால் 'உம்' கொட்டுகிறேன். ஒரு வார்த்தை காதில் ஏறுவதில்லை.

தோழி சொன்னாளென்று காலையில் தியான ஆப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் இட்லி மாவில் தொடங்கி நேரே கிளைக்குப் போய்விடுகிறது. எனக்கு இதுவும் வராது போலிருக்கிறது. பேசாமல் மாறுதல் கேட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ஆப்பை ஓரம் வையுங்கள். உங்களுக்கு வராமல் இல்லை. 'அட, கிளைக்குப் போய்விட்டேனே' என்று கண்டுபிடிக்கிறீர்களே, பயிற்சியே அதுதான். மனம் காலியாக வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லித்தான் வருத்தப்படுகிறார்கள். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் என்பவர் நோயாளிகளுக்காக மனக்கவனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் ஆரம்பத்திலேயே கையில் கொடுப்பது ஓர் உலர் திராட்சை. அதைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மெல்லச் சாப்பிட வேண்டும். கண்ணை மூடி மணிக்கணக்கில் உட்காருவதெல்லாம் கட்டாயமில்லை.

உங்களுக்கு வாய்ப்பான இடம் கவுன்ட்டரேதான். ஒருவர் பணத்தை வாங்கி நகர்ந்ததும், அடுத்த டோக்கனை அழைக்கும் முன், ஒரே ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது நிதானப்படும். அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்கிறேன். வரிசையில் நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்கால் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். நோட்டு எண்ணும்போது மட்டும் இதெல்லாம் வேண்டாம். அப்போது எண்ணுவது ஒன்றே வேலை. மேலாளர் கூப்பிட்டாலும் "எண்ணி முடிச்சிட்டு வர்றேன் சார்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த ஐந்நூறு ரூபாய் சந்தேகத்துக்கு வருவோம். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை வெறுமனே பார்த்துவிட்டுப் போவதில்லை. விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் 1994-இல் அங்குள்ள ரயில்வே ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்த்ததில், எளிய வேலை ஒன்றில் பிழைகள் ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தன. பழகிய வேலையைக் கை தானாகச் செய்துவிடும், மனம் அங்கே இருக்காது. செய்தோமா என்ற சந்தேகம் பிறகு முளைப்பது அதனால்தான். சாயங்காலம் திரையில் இருக்கும் தொகையையும் கையிருப்பையும் விரலால் தொட்டு, "டேலி ஆயிடுச்சு" என்று உங்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். ஒரு தடவை போதும். இரண்டாம் தடவை சொல்லத் தோன்றினால் சொல்லாதீர்கள். திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது சந்தேகத்துக்குத் தீனிதான் போடும். வாரக்கணக்கில் இதனால் தூக்கம் கெட்டால் தள்ளிப்போட வேண்டாம், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இன்னொன்று. ஒருவர் தலையில் மூன்று பேர் வேலையைக் கட்டிவிட்டு, 'மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கெட்டுப்போன பிரின்டரை எந்தத் தியானமும் சரிசெய்யாது. மேலாளரிடம் பொதுவாக 'வேலை அதிகம் சார்' என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பென்ஷன் நாட்களில் மட்டும் பாஸ்புக் வேலையை வேறொருவர் பார்க்கட்டும் என்று தெளிவாகக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். மதியச் சாப்பாட்டைக் கவுன்ட்டரை விட்டு எழுந்துபோய், போன் இல்லாமல் சாப்பிடுங்கள்.

மகளிடம், வீட்டுக்குள் நுழைந்ததும் "அம்மாவுக்குப் பத்து நிமிஷம் குடு, அப்புறம் சொல்லு" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இது புரியும். அரைக்காதில் கேட்பதுதான் அவர்களுக்குப் பொறுக்காது.

மாறுதல் கேட்பது தப்பில்லை. ஆனால் அந்த முடிவை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். இருபதாம் தேதிவாக்கில், கூட்டம் ஓய்ந்த ஒரு நாளில் யோசியுங்கள். அப்போதும் போகத்தான் தோன்றுகிறது என்றால் விண்ணப்பித்துவிடுங்கள்.