டிராட் போகாத குதிரையில் பாடம் எடுப்பது: பயிற்சியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

டிராட் என்பது குதிரையின் குலுக்கும் துள்ளுநடை. அதற்கு மாறாக அதிகம் குலுக்காத தனி நடை கொண்ட இனங்களைக் கெய்ட்டட் குதிரைகள் என்போம். அவற்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்களைத் தயார் செய்வது என் வேலை. அவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: இருபது வருடமாக டிராட் குதிரைகளில் கற்பிக்கிறேன். எனக்கு எதற்குத் தனிப் பயிற்சி?

பதில்: உட்காரும் விதம், மென்மையான கை, பாதுகாப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழக வேண்டியது உங்கள் காது. டிராட்டில் குறுக்கு ஜோடியாக (ஒரு முன்காலும் எதிர்ப்பக்கப் பின்காலும்) கால்கள் விழும், இரண்டே தட்டு. டென்னசி வாக்கர் இனக் குதிரையின் ரன்னிங் வாக் என்ற நடையில் நாலு குளம்பும் தனித்தனியாக விழும்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். வாயில் சொல்லிப் பார்த்தால் 'த-க-தி-மி', எந்த எழுத்தும் நீளாமல். ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட் என்ற நடையிலும் இதே வரிசைதான். மிசௌரி ஃபாக்ஸ் டிராட்டர் இனத்திடம் குறுக்கு ஜோடியில் முன்கால் துளி முந்தி விழுவதால் தட்டு சமமாக இராது. ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் அது பேஸ் என்ற நடை. ஏறியிருப்பவர் பக்கவாட்டில் ஆடுவார்.

புதுப் பயிற்சியாளர்களை முதலில் குதிரைக்கு முதுகு காட்டி நிற்க வைப்பேன். கெட்டித் தரையில் குதிரை போகும், சத்தத்தை மட்டும் கேட்டு நடையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பெரும்பாலோர் தவறாகத்தான் சொல்வார்கள். பாசோ ஃபீனோ என்ற கெய்ட்டட் இனத்தின் போட்டிகளில் மரப்பலகை மேல் குதிரையை நடத்துவதும் தாளத்தைக் காதால் பிடிக்கத்தான். அப்புறம்தான் கண். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ போதும்.

கேள்வி: டிராட்டில் எழுந்து உட்காரும் பாடம் இல்லாமல் மாணவருக்குச் சமநிலை எப்படி வரும்?

பதில்: நியாயமான கவலை. நடை சொகுசாக இருப்பதால் மாணவரின் குறைகள் மறைந்துவிடும். பின்னால் சாய்ந்து, கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஒரு சுற்று முடித்துவிடுவார். தப்பு நடந்ததே தெரியாது. அதனால் சாதாரண நடையிலேயே அங்கவடியில் எழுந்து நிற்பது, அங்கவடி இல்லாமல் உட்காருவது, அடிக்கடி நின்று கிளம்புவது என்று வேலை வாங்குங்கள். பிற்காலத்தில் டிராட் குதிரைகளிலும் ஏற நினைப்பவரை, சில பாடங்களுக்காவது அப்படி ஒரு குதிரையில் ஏற்றிவிடுங்கள். கெய்ட்டட் குதிரை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பாடத்தின் நடுவே குதிரை பேஸுக்குப் போய்விடுகிறது. மாணவர் என்ன தப்பு செய்கிறார்?

பதில்: முதலில் குதிரையைப் பாருங்கள். சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா, குளம்பில் வலியா, களைத்துப் போய்விட்டதா? அதெல்லாம் சரி என்றால் மாணவரிடம் வாருங்கள். குதிகாலால் இறுக்குவார், கையை உயர்த்துவார், குதிரையால் முடிந்ததைவிட வேகம் கேட்பார். குதிரை முதுகை இறுக்கிக் குழித்துக்கொள்ளும், தாளம் போய்விடும். சாதாரண நடைக்கு இறக்கி, தரையில் போட்ட சில கட்டைகளைத் தாண்டவிட்டு, மறுபடி மெதுவாக வேகம் கேளுங்கள். "இழுத்துப் பிடி" என்று மட்டும் கத்தாதீர்கள். நான் பல வருடம் கத்தியிருக்கிறேன், ஒரு குதிரையும் அதனால் திருந்தவில்லை. தொடக்கநிலை மாணவரின் கையில் நீள நெம்பு வைத்த கடிவாளமும் வேண்டாம்.

கேள்வி: நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டிக் கற்பிக்கலாமா?

பதில்: சாதாரண நடையில் தாராளமாக. அதற்கு மேல் போனால் சின்ன வட்டத்தில் பல குதிரைகளுக்குத் தாளம் குலைந்துவிடும். வட்டத்தைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: கனமான லாடம் போட்டால் நடை நன்றாக வரும் என்கிறார்களே?

பதில்: நடை பிறவியிலேயே வருவது. டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இந்த நடைகளுக்கும் தொடர்பு இருப்பதை 2012-ல் கண்டுபிடித்தார்கள். காலை ஆடம்பரமாகத் தூக்கவைக்க டென்னசி வாக்கர்களின் கால்களை ரசாயனம் தடவிப் புண்ணாக்கும் கொடுமை இருந்ததால்தான் அமெரிக்காவில் 1970-ல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாடத்துக்குக் குதிரை வாங்கும்போது குளம்புக்கு மேலே குனிந்து தடவிப் பாருங்கள். தழும்பு இருந்தாலோ, தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாலோ கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு வகைக் குதிரைகளையும் ஒரே வகுப்பில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். "டிராட் போங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் குதிரையின் நடையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கெய்ட்டட் குதிரை சத்தமில்லாமல் முன்னால் போகிறவரை நெருங்கிவிடும், இடைவெளியில் ஒரு கண் இருக்கட்டும்.