சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை வைக்காதா?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே, வீட்டுக்குப் பின்னால் ஏழு பெட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். ஐந்து வனராஜா, இரண்டு நாட்டுக்கோழி. ஐப்பசி பிறந்ததிலிருந்து முட்டை பாதியாகக் குறைந்துவிட்டது. "சேவல் இல்லை, அதனால்தான்" என்கிறார் கோழி வியாபாரி. 2,500 ரூபாய்க்கு ஒரு அசீல் சேவல் தருகிறாராம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சேவல் வாங்கலாமா? பின்னால் குஞ்சு பொரிக்கவும் ஆசை.

பதில்: வாங்காதீர்கள்.

கோழி முட்டை வைப்பதற்கும் சேவலுக்கும் சம்பந்தமே இல்லை. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகிற முட்டையெல்லாம் சேவலைக் கண்ணால்கூடப் பார்க்காத கோழிகள் வைத்தவைதான். சேவல் சேர்ந்தால் முட்டையில் கரு பிடிக்கும், அடை வைத்தால் குஞ்சு வரும், அவ்வளவுதான். சத்து கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஐப்பசியில் பகல் சுருங்குகிறது. கோழியை முட்டை வைக்கத் தூண்டுவது வெளிச்சம். அது குறைந்தால் முட்டையும் குறையும். ஒரு வயது தாண்டிய கோழி இந்தச் சமயத்தில் இறகும் உதிர்க்கும். கூண்டைச் சுற்றி இறகு கொட்டிக் கிடக்கிறதா, கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு முளைக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். அரிசியும் மிச்சச் சோறும் மட்டும் போடுகிறீர்கள் என்றால், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். ஆனால் கோழி தலையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

இனி அந்த வியாபாரி. அசீல் சண்டைக்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்த இனம். சண்டைக்கு ஆகாது என்று கழித்த சேவலைத்தான் பெரும்பாலும் இப்படி வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவார்கள். பணம் போனால்கூடப் பரவாயில்லை. நாலு சந்தை சுற்றி வந்த பறவை கழிச்சலையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலி. எந்தக் கோழி புதிதாக வந்தாலும் மூன்று வாரம் தனியாக, தூரமாகக் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். இதை எந்த வியாபாரியும் சொல்ல மாட்டார்.

அவரே அடுத்த முறை "எல்லாம் பெட்டைதான், கேரண்டி" என்று குஞ்சு கொண்டுவருவார். நாட்டுக்குஞ்சை அந்த வயதில் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நடக்காத காரியம். எட்டு வாரம் போகட்டும், கொண்டை சிவந்து நிமிர்ந்து நிற்பது சேவல் என்று தானே தெரியும். தெருவில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிற குஞ்சுகளும் அப்படித்தான். முட்டைப் பண்ணைக்கு உதவாது என்று பொரிப்பகம் ஒதுக்கிய ஆண் குஞ்சுகள் அவை. ஈமு கோழி வளர்ப்பில் பணத்தைப் போட்டு ஏமாந்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது, இருந்தும் நமக்குப் புத்தி வரவில்லை.

சரி, குஞ்சு ஆசைக்கு வருகிறேன். வனராஜா, ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பினம். அதன் முட்டையும் கரு பிடிக்கும், குஞ்சும் வரும். ஆனால் தாயின் எடையும் முட்டைக் கணக்கும் குஞ்சுக்கு அப்படியே வராது. ஒன்று நன்றாக இருக்கும், இன்னொன்று சவலையாக இருக்கும். நல்ல சேவலைப் போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. எவ்வளவு உசத்தியான சேவலாக இருந்தாலும் ஆகாது. வனராஜாதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் புதுக் குஞ்சுதான் வாங்க வேண்டும். போதாததற்கு அது அடைக்கும் சரியாக உட்காராது.

உங்களிடம் இரண்டு நாட்டுக்கோழி இருக்கிறதே, அதுதான் வழி. அதில் ஒன்று அடைக்கு உட்காரும்போது, சேவல் வைத்திருக்கும் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்குள் வைத்த முட்டையாகப் பத்து வாங்கி, இருட்டின பிறகு அடியில் வையுங்கள். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறும் வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். 21ஆம் நாள் ஓடு தட்டும் சத்தம் கேட்கும். 2,500 ரூபாயும் மிச்சம்.

குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் சேவல் வேண்டவே வேண்டாம். கூண்டைச் சாக்குப் போட்டு மூடினால் கூவாது என்பார்கள். சேவலுக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, இருட்டிலும் கூவும். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் சட்டப்படி அனுமதி. அதைச் சேவலிடம் யார் போய்ச் சொல்வது?

கடைசியாகத் தடுப்பூசி. கழிச்சல் மருந்து நூறு டோஸ் குப்பியாக வருகிறது. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏழு கோழிக்கு ஒரு குப்பியை யார் உடைப்பார்கள்? "முகாமுக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் நாலு கோழி வளர்க்கச் சொல்வதும் இதே அரசுதான், அதற்குச் சின்னக் குப்பி மட்டும் கிடைக்காது! பிப்ரவரி வாக்கில் ஊருக்கு ஊர் முகாம் போடுவார்கள். ஏழையும் கூடையில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள், அது உருகிய பிறகு போடுகிற மருந்தை நான் நம்புவதில்லை.